நான்காம் வீட்டின் பின்சுவர்

ராஜபாளையத்தில் நாலு வீட்டுக்குச் சொந்தக்காரியான ஜரீனா, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் குடியிருந்தாள். இதில் இருக்கிற வேடிக்கை அவளுக்கு வெகுநாள் வரை உறைக்கவே இல்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பஸ் ஏறிப் போய் நாலு வீட்டிலும் வாடகை வாங்குவாள். ஆறாம் தேதி அதில் ஒரு பங்கை எடுத்துத் தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் கொடுப்பாள். வாங்குகிற அன்று நடையில் வருகிற மிடுக்கு, கொடுக்கிற அன்று காணாமல் போய்விடும்.

வீடு கட்டுகிற யோசனை அவளுடையதல்ல. கணவர் அசன் முகம்மது மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றில் அவர் விடுமுறைக்கு வந்திறங்கியபோது, நாலு வயது நூர்பானு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குச் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனவர், மறுநாள் காலையில் ஒரு முடிவோடு வந்தார்.

"ஆறு வீடு, ஜரீனா. ஆறு வீட்டு வாடகை மாசம் தவறாம வந்திருச்சுன்னா நான் பொட்டியக் கட்டிட்டு வந்திருவேன். அதுக்கு மேல ஒரு நாள் அங்க இருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து ஜரீனாவுக்கு வீடு என்றால் வீடு மட்டுமல்ல. அவர் வருகிற வழியில் ஒவ்வொரு வீடும் ஒரு ஸ்டாப்பிங். ஒரு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அவர் ஒரு மாதம் பிந்துவார். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள், இப்படித்தான் பயந்தாள்.

வழி சொல்லிக் கொடுத்தவர் முத்துராமலிங்கம். ராஜபாளையத்தில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். சொந்தமாகப் பதினோரு வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார். ஜரீனாவுக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு அவள் தங்கச்சி. மனுஷர் சிமெண்டை விற்றாலும் யோசனையைச் சும்மா கொடுப்பார். அதுவும் மூட்டை மூட்டையாக.

"வில்லிபுத்தூர்ல எதுக்குக் கெட்டப்போற? ஆளு இருக்குற எடத்துல வீட்டக் கெட்டணும், நமக்குப் பிடிச்ச எடத்துல இல்ல. இங்க மில்லு இருக்கு. மூணு ஷிப்டுக்கும் ஆளு இருக்கு" என்றார். அப்படித்தான் மில் பக்கம் ஐந்து சென்ட் இடத்தில் ஒரே வரிசையாக நாலு வீடு எழுந்தது. மீதி இரண்டு, பணம் வரும்போது மாடியில்.

ஜரீனா அவர் சொன்னதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர். உறவுக்காரனுக்கு வீடு விடாதே. கேட்கவும் முடியாது, காலி பண்ணச் சொல்லவும் முடியாது. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அன்றைக்கே சரிபண்ணு, பொறவு என்றால் சுவரே போய்விடும். வாடகையை நேரில் போய் வாங்கு, அப்போதுதான் வீட்டையும் பார்க்கலாம். வீடு கேட்டு வருகிறவனின் பழைய வீட்டுக்கு ஒரு நடை போய் அடுப்படியை எட்டிப் பார், அவன் உன் வீட்டை எப்படி வைத்துக்கொள்வான் என்று அங்கே தெரிந்துவிடும். எல்லாம் நல்ல யோசனைகள்தான். அவற்றால் ஜரீனா ஒரு காசு நஷ்டப்பட்டதில்லை.

இரண்டு யோசனைகள்தான் பின்னால் அவளைப் படுத்தி எடுத்தன.

ஒன்று, பின்சுவர். வீடுகளின் பின்பக்கம் மேற்கே பார்த்தது. அங்கே காலி இடம், அதற்கப்பால் தோப்பு, அதற்கப்பால் மலை. கொத்தனார் பின்சுவரில் ஜன்னலுக்கு இடம் விடட்டுமா என்று கேட்டார். அண்ணாச்சி குறுக்கே விழுந்தார்.

"முன்னால ஒண்ணு இருக்குல்லா, போதும். நாலு வீட்டுக்கு நாலு ஜன்னலு, கம்பி, கதவு, கூலி. எம்புட்டு ஆகுதுன்னு பாரு. வாடகைக்கு வாரவன் ஜன்னல எண்ணிப் பாத்தா வருதான்?"

இன்னொன்று, சாவு.

"தங்கச்சி, உங்க ஆளுகளுக்கு இது கெடையாது, எங்களுக்கு உண்டு. சில நச்சத்திரத்துல உசுரு போச்சுன்னா வீட்டுக்கு அடைப்பு. சதயம், அவிட்டம் இதுல போச்சுன்னா ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போட்டுருவாங்க. ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். சில குடும்பத்துல பொணத்த வாசவழியாக் கூட எடுக்க மாட்டாங்க, செவுத்த ஒடச்சு எடுப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரனும் பயந்து காலி பண்ணிருவான். வாரப்பவே கண்டிசனாச் சொல்லிப்புடு. நோயாளி இருக்கப்பிடாது, ஏதாச்சும்னா வீட்டுல வச்சு ஆகப்பிடாது."

எண்பத்து நாலு தை மாதம், நாலாவது வீட்டுக்கு வேல்சாமி என்ற மில் தொழிலாளியும் அவன் மனைவி வெள்ளைத்தாயும் வந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. பால் காய்ச்சி முடிந்ததும் ஜரீனா டைரியைத் திறந்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது. கடைசியாக, "வீட்டுல சாவுகீவுன்னு எதுவும் ஆகக் கூடாது."

வேல்சாமி சிரித்துவிட்டான். "அது நம்ம கையிலயாக்கா இருக்கு?"

ஜரீனாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் புது வீட்டுக்காரி அல்லவா, விட்டுக்கொடுத்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்தாள். "அண்ணாச்சி சொல்லச் சொன்னாக. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சரிக்கா" என்றான் வேல்சாமி. வெள்ளைத்தாய் எல்லாருக்கும் பால் கொடுத்தாள்.

வேல்சாமி நல்ல குடித்தனக்காரன். ஐந்தாம் தேதி போனால் பணம் தயாராக இருக்கும். மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருமுவான். முதல் வருடம் கொஞ்சம் இருமினான், மூன்றாம் வருடம் பேச்சுக்கு நடுவே இருமினான், ஐந்தாம் வருடம் இருமலுக்கு நடுவே பேசினான்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பின்செவுத்துல ஒரு ஜன்னல் போட்டுத் தந்தீங்கன்னா நல்லாருக்கும்க்கா. மலைக்காத்து வரும். வேணும்னா கூலியில பாதி நான் தாரேன்."

"அடுத்த வருசம் பாப்போம்" என்பாள் ஜரீனா. வீட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் கெட்டவளல்ல. ஜன்னலுக்கு ஆகிற செலவு மாடி வீட்டுக்குச் செங்கல்லாகும், செங்கல் அவர் வருகிற நாளாகும். அவளுடைய நியாயம் அது.

எண்பத்தொன்பது ஐப்பசியில் ஒரு காலை, மூன்றாவது வீட்டில் குடியிருந்த மாரிசாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து நின்றான். வேல்சாமியை மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்களாம். நெஞ்சு பூராவும் பஞ்சு அடைத்துப் போனதாம். இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ.

"நாள் வேற சரியில்லக்கா. பஞ்சாங்கத்தப் பாத்தேன், அடைப்பு நாளா வரிசையா வருது. எங்க வீட்டுல கைப்புள்ள இருக்கு. உள்ளயோ வெளியவோ, அவிய அங்கனயே இருந்தாகன்னா நாங்க காலி பண்ணிருவோம். ரெண்டாம் வீட்டுலயும் அதத்தான் சொல்லுதாக" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னான்.

ஜரீனா முக்காட்டை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நேராக அண்ணாச்சி கடை. அவர் கேட்டுவிட்டு, நேரத்தை வீணாக்காமல் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தார்.

"செட்டியார்பட்டியில அவன் அண்ணன் இருக்கான், கருத்தையான்னு. அங்க கொண்டு விட்டுரு. வேன் வாடகைய நீயே குடு, கையில ஐநூறும் குடு. பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா மூணு வீடு போச்சுன்னா உம் புருசன் எப்ப வருவாரு? அத நெனச்சுக்கோ."

அவர் சொல்ல வேண்டியதே இல்லை. பஸ்ஸில் அவள் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். மாடியில் ஐந்தாம் வீட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றரை வருடம் என்று அவர் போன மாதம்தான், கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார்.

வேன் தெருமுனையில் நிற்க, ஜரீனா நடந்து போனாள். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று உதட்டுக்குள் பழகிக்கொண்டே போனாள். நாலாம் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

வாசலுக்கு வெளியே, தெருவில், கரண்டுக் கம்பத்தோடு சேர்த்துத் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் கட்டில் போட்டிருந்தது. கட்டிலில் வேல்சாமி. பக்கத்தில் ஓடையில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூறல் காற்றில் சாய்ந்து அவன் கால்மாட்டை நனைத்தது. வெள்ளைத்தாய் ஒரு சாக்கை அவன் பாதத்தின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வெளிய போட்டுருக்க?" என்றாள் ஜரீனா.

வெள்ளைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. "நீங்க சொன்னதுதானக்கா. வீட்டுல வச்சு ஆகப்பிடாதுன்னு. இவுக சரின்னு சொன்னாகல்ல. முந்தாநேத்தே வெளிய போடுன்னுட்டாக. அண்ணன் வீட்டுல கேட்டேன், புள்ளைக இருக்கு கொண்டாராதேன்னுட்டாக. வேற எங்க போக?"

ஜரீனாவுக்கு அந்தத் தை மாதத்துப் பால் ஞாபகம் வந்தது. டைரியைப் பிடித்துக்கொண்டு தான் நின்ற தோரணை ஞாபகம் வந்தது. தான் சொல்லி மறந்த ஒரு வார்த்தையை, மூச்சுவிட முடியாத ஒரு மனுஷன் இரண்டு நாளாகத் தெருவில் கிடந்து காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

வேல்சாமி அவளைப் பார்த்துவிட்டான். கையை ஊன்றி எழ முயன்றான், முடியவில்லை. "இந்த மாச வாடகை... அவகிட்ட இருக்குக்கா" என்றான்.

தெருமுனையில் வேன்காரன் ஹாரன் அடித்தான். மாரிசாமி தன் வாசலில் நின்றான். இரண்டாம் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. எல்லாரும் ஜரீனாவைத்தான் பார்த்தார்கள். அவளுக்கு மஸ்கட் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடம் இரண்டரையாகி, மூன்றாகிப் போவதெல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போனது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"மாரிசாமி, அந்தப் பக்கம் பிடி" என்றாள். "உள்ள கொண்டுபோகணும்."

"அக்கா, நான் சொன்னது..."

"நீ காலி பண்ணுறதுன்னா பண்ணிக்கோ. அது பொறவு. இப்பக் கட்டிலப் பிடி."

அவன் பிடித்தான். ஜரீனா தலைமாட்டுப் பக்கம் பிடித்தாள். கட்டில் கனக்கவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பின்சுவரை ஒட்டிப் போடச் சொன்னான் வேல்சாமி. அந்த மொட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அஞ்சு வருடமாக அவன் ஜன்னல் கேட்ட இடம் அது. ஜரீனா வேன்காரனுக்கு வாடகையைக் கொடுத்து, டாக்டரைக் கூட்டிவர அதே வேனை அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் வேல்சாமி போய்விட்டான். சதயம்.

உயிரோடு இருந்தபோது வராத அண்ணன் கருத்தையா, செத்ததும் எட்டுப் பேரோடு வந்தான். சாத்திரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றான். வீடு பாய் வீட்டம்மாளுடையது என்றதும் கொஞ்சம் தயங்கினான். முத்துராமலிங்கம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, சம்மதிக்காத. செவுரு போனா அந்த வீட்ட எவனும் ஆறு மாசத்துக்கு இல்ல, ஆறு வருசத்துக்கு எடுக்க மாட்டான்."

ஜரீனா வெள்ளைத்தாயைப் பார்த்தாள். "உனக்கு எப்படி வேணும்?"

"வாசவழியாப் போனாகன்னா நாளைக்கு அம்புட்டு பேரும் என்னையத்தான் சொல்லுவாகக்கா" என்றாள் அவள்.

"பின்செவுத்த ஒடைங்க" என்றாள் ஜரீனா.

கடப்பாறை விழுந்தது. செங்கல் சரிந்து வெளிச்சம் உள்ளே வந்தது. கூடவே காற்றும் வந்தது. வேல்சாமி சொன்ன அதே மலைக்காற்று, ஒரு நாள் பிந்தி வந்தது. ஜரீனா சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் செத்தவளை விட வீட்டுக்காரி அதிகமாக அழுகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் வெள்ளைத்தாய் வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். வத்திராயிருப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். இருக்கச் சொல்லி ஜரீனா எவ்வளவோ சொன்னாள், அவள் கேட்கவில்லை. மாரிசாமியும் இரண்டாம் வீட்டில் குடியிருந்தவர்களும் அதற்கு முன்பே போயிருந்தார்கள். மாடியில் வேலை நின்றது. கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன.

ஜரீனா டேப் ரெக்கார்டரைத் தட்டி, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் பேசினாள். டைரியில் வாசித்ததையும் மறைக்கவில்லை. மஸ்கட்டுக்குப் போகிற ஒருவர் கையில் அந்த கேசட்டைக் கொடுத்துவிட்டு, நாற்பது நாள் காத்திருந்தாள். பதில் கேசட் வந்தது.

"ஒரு வீடு பூட்டிக் கெடக்கு, ரெண்டு வீடு காலி" என்று ஆரம்பித்தார் அசன் முகம்மது. "உனக்கு எம்புட்டு லேசாப் போச்சு. இன்னும் ரெண்டு வருசம் நான் இந்தச் சூட்டுல கெடக்கணும், அது உனக்குத் தெரியுதா?" அப்படியே போனது. அந்தப் பக்கம் முழுக்கக் கோபம். ஜரீனா பாதியில் நிறுத்திவிட்டாள். மனசு விட்டுப்போனது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

சாயங்காலம் நூர்பானுதான் கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

"நேத்துப் பேசுனத அழிச்சிரலாம்னு பாத்தேன்" என்றது அவர் குரல். வேறு ஆள் மாதிரி இருந்தது. "இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லல, ஜரீனா. எங்க ரூம்ல எட்டுப் பேரு. போன வருசம் ஒருத்தருக்குக் காய்ச்சல் முத்திப்போச்சு. ரூம்ல வச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா கேள்வி வரும், வெளிய கொண்டுபோங்கன்னாங்க. நாங்கதான் தூக்கிட்டுப் போயி லாரி செட்டுல படுக்க வச்சோம். நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். அங்க கெடந்தே போயிட்டாரு. நீ ஒரு ஆள உள்ள தூக்கிட்டுப் போனேன்னு சொன்னதக் கேட்டதும், எனக்கு எதுக்கு அம்புட்டுக் கோவம் வந்துச்சுன்னு இப்பத்தான் வெளங்குது."

நூர்பானு டேப்பின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அந்த வீட்டுக்கு யாரும் வரலன்னா நாம இருப்போம். நமக்கு ஏது நச்சத்திரம்? நாலு வீட்டக் கெட்டிப் போட்டுட்டு நீ எதுக்கு வாடகைக்கு இருக்க? இத்தன வருசமா இத நாம யோசிக்கவே இல்ல பாரு. ஆறு வீடு வாரப்ப வரட்டும். நான் வாரேன்."

அடுத்த மாதமே ஜரீனா ராஜபாளையத்துக்குக் குடி வந்தாள். சொந்தக்காரியே வந்து இருக்கிறாள் என்றதும் காலியான வீடுகளுக்குப் புது ஆட்கள் மெல்ல வந்தார்கள். உடைந்த பின்சுவரை அடைக்கக் கொத்தனார் செங்கலோடு வந்தார். ஜரீனா வேண்டாம் என்று சொல்லி, கம்பி வைத்து ஜன்னலாக்கச் சொன்னாள். அண்ணாச்சி வந்து பார்த்தார். ஜன்னலுக்குச் சிமெண்டைக் கடையிலிருந்து அனுப்பிவிட்டு அதற்குப் பணம் வாங்கவில்லை.

தொண்ணூறு வைகாசியில் அசன் முகம்மது வந்து சேர்ந்தார். பெட்டியைக் கூடத் திறக்கவில்லை. "அந்த மனுசன் எங்க படுத்திருந்தாரு?" என்றுதான் முதலில் கேட்டார். ஜரீனா காட்டினாள். அங்கேயே பாயை விரிக்கச் சொல்லிப் படுத்தார். மலைக்காற்று வந்து அவர் சட்டையை அசைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டிருந்தார். ஜரீனா பக்கத்தில் உட்கார்ந்து, அஞ்சு வருடம் ஒரு மனுஷன் இந்த ஜன்னலைக் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னாள்.

அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "மத்த மூணு வீட்டுக்கும் பின்னால ஜன்னல் இருக்கா?"

"இல்ல."

"எப்பப் போடப்போற?"

அந்தப் பழைய வாக்கியம் ஜரீனாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"கொத்தனார் இங்கனதான் பக்கத்துத் தெருவுல இருக்காரு" என்றாள். "இருங்க, கூட்டிட்டு வாரேன்."